எந்தப் பந்து தூரம் போகும்?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ரப்பரோடு வேலை பார்த்துக் கழித்த ஆண்டுகளை நினைத்தால், ஷிஃப்ட் பஸ்களும் சிங்கப்பெருமாள்கோயில் சாலையின் கன்டெய்னர் லாரிகளும் ஞாபகம் வருவதைப் போலவே கோல்ஃப் பேச்சும் ஞாபகம் வருகிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. அதே 1998 ஜூலையில்தான் பாக் சே ரி என்ற இருபது வயதுப் பெண் அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்று, கொரியாவையே கோல்ஃப் பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் காய்ச்சல் அடங்காத காலத்தில் வந்த கொரிய மேலாளர்களும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தபின் வந்த ஜப்பானியர்களும் தங்கள் சாப்பாட்டுக் கடைகளோடு கோல்ஃப் பையையும் கொண்டுவந்தார்கள். வாரக்கடைசியில் விடிவதற்கு முன்பே கம்பெனிக் கார்கள் நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப் மைதானத்துக்கோ, கிண்டி குதிரைப் பந்தய வளையத்துக்குள் இருந்த ஜிம்கானா கிளப் மைதானத்துக்கோ புறப்பட்டுவிடும். அவர்களோடு பழகிய நம் ஆட்களும், பர்ச்சேஸ் மேலாளர்கள், உதிரிபாகம் சப்ளை செய்கிறவர்கள், ஆலைத் தலைவர்கள் என்று, மெல்லக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: எந்தப் பந்து தூரம் போகும்? பந்து வாங்கப் போகிறவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கட்சி. குழியைச் சுற்றிய கிரீனுக்கு முப்பது கஜத்துக்குள் இந்தப் பந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் கேட்க வேண்டும். இதே பந்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றாமல் ஆட எனக்குக் கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி.

இதைச் சொல்ல டயர் ஊர்க்காரனுக்கு ஒரு உரிமை உண்டு. கோல்ஃப் பந்தின் வரலாறு பாதி ரப்பர் ஆலையின் வரலாறு. தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மலேயக் காட்டு மரத்தின் கட்டாபெர்ச்சாப் பால் விரட்டியது. 1898இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் ஆலையில், கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ஆலை அதிகாரி பெர்ட்ரம் வொர்க்கோடு சேர்ந்து, ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிய பந்தை உருவாக்கினார். பின்னால் டன்லப், 1935 முதல் பிரிட்ஜ்ஸ்டோன், ஸ்ரிக்ஸன் பந்தைச் செய்கிற சுமிட்டோமோ ரப்பர் என்று டயர்காரர்களே இந்தத் தொழிலில் இறங்கினார்கள். இன்றைய பந்தின் நடுவிலிருக்கும் கோர் பெரும்பாலும் பாலிபியூட்டடையீன். டயரின் பக்கச்சுவருக்கும் ட்ரெட்டுக்கும் கலக்கிற அதே செயற்கை ரப்பர், அப்போலோ, ஜே.கே., சியட் என்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்திலிருக்கும் டயர் ஆலைகளில் மிக்ஸிங் பகுதியில் நிற்கிறவருக்கு அறிமுகமே தேவையில்லாத சரக்கு. டயருக்கு அதோடு கார்பன் பிளாக்கும் கந்தகமும் சேரும். பந்துக்கு ஜிங்க் டைஅக்ரிலேட்டும் பெராக்சைடும் சேரும். இரண்டையும் மோல்டில் வைத்து அழுத்திச் சூட்டில் க்யூர் செய்கிறார்கள். வாங்கிய சக்தியை வெப்பமாக வீணாக்காமல் திருப்பித் தருகிற ரப்பர் என்பதால்தான் இரு இடத்திலும் அதற்கு மதிப்பு. ஆகவே பந்து விளம்பரங்களின் மாய வார்த்தைகளைக் கேட்டு நம் ஊர்க்காரர் மயங்க வேண்டிய அவசியம் இல்லை. காம்பவுண்டு என்ன, அடுக்கு எத்தனை, மேல் கவர் எதனால் ஆனது என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

தூரத்தை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், தூரத்துக்கு விதியே ஒரு கூரை போட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வகுத்த விதிப்படி, பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சோதனைக் கருவி அடிக்கும்போது பந்து கிளம்பும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு; ஒரே மாதிரி அடித்தால் மொத்தம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும், 317 கஜமும் அதற்கு மேல் 3 கஜச் சலுகையும் என்று, ஒரு வரம்பு உண்டு. பெயருள்ள கம்பெனிகள் எல்லாம் பல காலமாக அந்தக் கூரையைத் தலையால் முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. பந்தின் மேலுள்ள குழிவுகள், பொதுவாக முந்நூறிலிருந்து நானூறு சொச்சம், காற்றின் இழுப்பைக் குறைப்பவை. வழவழப்பான பந்து குழிவுள்ள பந்தின் தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான் பறக்கும். ஆனால் இன்று குழிவில்லாத பந்து எந்தக் கடையிலும் இல்லை. எனவே அட்டைப்பெட்டியில் ‘தூரம்’ என்று பெரிதாக அச்சிட்ட பந்துக்கும் அச்சிடாத பந்துக்கும் நடுவே சாதாரண ஆட்டக்காரர் டிரைவர் என்ற நீளக் கட்டையில் காணும் வித்தியாசம் சில கஜங்கள்தான். பந்தின் நடுவில் பட்ட அடிக்கும் ஓரத்தில் பட்ட அடிக்கும் உள்ள வித்தியாசத்தில் அது மறைந்துவிடும்.

அந்த இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் பந்தின் தூரத்தை இன்னும் குறைக்கப் போவதாக அறிவித்து, தூர வரம்பை மாற்றாமல் சோதனையில் கட்டையை வீசும் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக உயர்த்த முடிவெடுத்தபோது எழுந்த கூச்சல் இதற்கு நல்ல சான்று. உலகத்திலேயே மிக நீளமாக அடிக்கிற ஆட்டக்காரர்களுக்கு 13 முதல் 15 கஜம்வரை குறையும், பொழுதுபோக்குக்கு ஆடுகிற பெரும்பாலோருக்கு 5 கஜமோ அதற்கும் குறைவாகவோதான் குறையும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். மணிக்கு தொண்ணூறு மைல் வேகத்தில் கட்டையை வீசுகிறவருக்குப் பந்தின் வடிவமைப்பையே மாற்றினாலும் ஐந்து கஜம்தான் என்றால், ஒரு பிராண்டிலிருந்து இன்னொரு பிராண்டுக்கு மாறி இருபது கஜம் சம்பாதிக்கப் போவதாக நம்புவதற்கு என்ன ஆதாரம்?

வித்தியாசம் உண்மையில் இருப்பது வேறு இடத்தில். டிரைவர் அடியில் பந்து கட்டையின் முகத்தில் ஒட்டியிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் பாதிப் பங்குதான். அந்த நேரத்தில் பந்து அழுந்தித் தட்டையாகி, கோர்வரைக்கும் நசுங்கி மீள்கிறது. அங்கே ஆட்சி செய்வது கோர். கிரீன் ஓரத்தில் வெட்ஜ் என்ற சாய்முகக் கட்டையை எடுத்து இருபது கஜத்துக்கு மெல்லத் தூக்கிச் சிப் செய்யும்போது கோருக்குச் செய்தியே போவதில்லை. வேலை முழுவதும் மேல் கவருக்கும் அதற்கு அடியிலுள்ள அடுக்குக்கும்தான். கவர் யூரித்தேனாக இருந்தால், கீழேயுள்ள கடினமான அடுக்குக்கும் வெட்ஜின் பள்ளங்களுக்கும் நடுவே அது கிள்ளுப்பட்டு, கருங்கல்மேல் விரித்த ஈரத்துணியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் பிடிப்பதுபோல, பிடித்துக்கொண்டு சுழலும். சர்லின் முதலான அயனோமர் கவராக இருந்தால் வழுக்கி, உயரமாகக் கிளம்பி, சுழற்சி குறைவாக விழுந்து, ஓடும். உறுதியில் அயனோமருக்கு ஈடில்லை. கார் போகும் பாதையில் பட்டாலும் தோல் உரியாது. ஆனால் அதே உறுதிதான் கிரீனில் அதைப் பிடிப்பில்லாததாக்குகிறது. 2000 அக்டோபரில் லாஸ் வேகாஸ் போட்டி ஒன்றில் டைட்லிஸ்ட் ப்ரோ வி1 முதன்முறையாக இறங்கியபோது, நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் அதற்கு மாறினார்கள். நூல் சுற்றிய பந்தின் யுகம் அதோடு முடிந்தது. அடுக்கு அடுக்காகச் செய்த திடமான பந்தால் டிரைவரில் குறைவாகவும் வெட்ஜில் நிறையவும் சுழல முடியும் என்று அந்தப் பந்து காட்டியதுதான் காரணம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பலரும் சொல்கிற மேலோட்டமான மறுப்புகளைவிட அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, லட்சக்கணக்கான அடிகளை அலசி, நல்ல ஆட்டக்காரரையும் சுமார் ஆட்டக்காரரையும் பிரிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகள்தான் என்று 2014இல் வெளிவந்த தன் நூலில் நிறுவினார். கிரீனில் உருட்டும் பட்டிங்கும் சிப்பும்தான் எல்லாம் என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. அப்படியானால் பந்தையும் நீள அடிக்குத்தானே பார்த்து வாங்க வேண்டும்? இல்லை. பிராடியின் கணக்கு ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது; பந்துக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியதல்ல. நீள அடியில் மனிதர்கள் பெரிதாக வேறுபடுகிறார்கள். பந்துகள், விதியின் கூரையால், அதிகம் வேறுபடுவதில்லை. சின்ன அடியில் பந்துகள் அப்பட்டமாக வேறுபடுகின்றன. நீள அடியைத் திருத்த பயிற்சி ரேஞ்சுக்குப் போக வேண்டும். கடைக்குப் போவதால் திருந்தக்கூடியது சின்ன அடி மட்டும்தான். போதாக்குறைக்கு, வழக்கமான 72 பார் மைதானத்தில் டிரைவரை எடுக்கவே மிஞ்சிப்போனால் பதினான்கு இடம்தான் இருக்கிறது. ஆட்டத்தை நூறு அடியில் முடிக்கிறவரின் மீதி அடிகளை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் வாதம், அதாவது பந்து எவ்வளவு எளிதில் நசுங்கும் என்பது. மெதுவாக வீசுகிறவருக்கு மென்மையான பந்து, வேகமாக வீசுகிறவருக்குக் கடினமான பந்து என்று கடைக்காரர் முதல் பை தூக்கும் கேடிவரை எல்லோரும் சொல்வார்கள். நூல் சுற்றிய காலத்தில் 80, 90, 100 என்று எண் போட்டு விற்றதன் மிச்சம் இது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது: மெதுவாக அடிப்பவரால் கடினப் பந்தை ‘முழுதாக நசுக்க’ முடியாதாம். டயர் ஆலை லேபில் ஷோர் கடினத்தன்மையும் ரீபவுண்டும் தனித்தனியாக அளக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தின் ஓட்டை எளிதில் புலப்படும். மென்மை வேறு, சக்தியைத் திருப்பித் தருவது வேறு. எந்த வேகத்தில் அடித்தாலும் பந்து அந்த அடிக்கு ஏற்ற அளவு நசுங்கத்தான் செய்யும். முழுதாக நசுக்கினால்தான் பலன் என்று ஒரு வாசற்படி கிடையாது. 2019இல் மைகோல்ஃப்ஸ்பை என்ற அமெரிக்கச் சோதனைக் குழு ரோபோவைக் கொண்டு மணிக்கு 85 மைல், 115 மைல் என்ற இரண்டு வேகத்திலும் பந்துகளை அடித்துப் பார்த்தபோது, மெதுவான வேகத்திலும் மிக மென்மையான பந்துகள் முந்தவில்லை, பின்தங்கவே செய்தன. மென்மையான பந்து கைக்கு இதமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கிறேன். இதம் ஒரு நல்ல காரணம். பட்டிங்கில் சத்தமும் தொடுவுணர்வும் நிதானத்தைத் தருகின்றன. அதைத் தூரக் கணக்கில் சேர்த்து விற்பதுதான் எனக்கு ஒப்பாதது.

ஒரு விட்டுக்கொடுத்தலும் இங்கே தேவை. பந்தை வலது பக்கம் வளைத்து வளைத்துத் தொலைக்கிறவருக்கு, சுழற்சி குறைந்த இரண்டடுக்குப் பந்து கொஞ்சம் கைகொடுக்கும். சுழற்சி குறைந்தால் வளைவும் குறையும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியபின் ஆடுகிறவருக்கு இது கூடவே உதவும். எதிர்காற்றில் அதிகம் சுழலும் பந்து மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்டவர் கிரீனில் சற்று இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுப்பது நியாயமான கணக்கு. கணக்குப் போட்டு இழப்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் கிரீனில் எந்தப் பந்தும் விழுந்த இடத்தில் நிற்கும். அங்கே யூரித்தேனுக்குக் கொடுத்த பணம் பாதி வீண். மே மாதத்தில் இறுகிய கிரீனில்தான் அதற்கு வேலை. வெயிலில் ரப்பர் துடிப்பாகிறது, சூடான காற்றும் லேசானது, ஆகவே இங்கே பந்து இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். புழுக்கமான காற்று கனமானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இம்மியளவு லேசு. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் காற்றே மெலிந்திருப்பதால், குளிர் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டாலும், சென்னைத் தூரக் கணக்கு எதுவும் செல்லுபடியாகாது. இத்தனை மாற்றங்களையும் இயற்கையே செய்துகொண்டிருக்கும்போது நாமும் ஹோலுக்கு ஒரு பந்தாக மாற்றினால், எதனால் என்ன நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால்தான் இரண்டாவது கேள்வியை முதல் கேள்விக்குச் சமமாக வைக்கிறேன். ஆலையில் ஒரு லைனில் ரிஜெக்‌ஷன் ஏறினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதுதான் குவாலிட்டிக்காரரின் முதல் பாடம். காம்பவுண்டு, சூடு, மோல்டு மூன்றையும் ஒரே ஷிஃப்டில் மாற்றினால் காரணம் கடைசிவரை பிடிபடாது. வாரம் முழுக்க இதை அடுத்தவருக்குப் போதிக்கிற மேலாளர், ஞாயிற்றுக்கிழமை பையில் ஏழு பிராண்டுப் பந்துகளோடு நிற்பதை இந்தத் தடத்தில் நிறையவே பார்க்கலாம். சில தன் பந்து, சில புதரில் கிடைத்தவை, மீதி கேடியிடம் மலிவாக வாங்கியவை. தொழில்முறைப் போட்டிகளில் ஒரு சுற்று முழுவதும் ஒரே மாடல் பந்தையே ஆட வேண்டும் என்று தனி விதி போடும் வழக்கம் உண்டு. பொழுதுபோக்கு ஆட்டத்தில் ஹோலுக்கு ஹோல் மாற்ற அனுமதி இருக்கிறது. அந்தச் சலுகை யாருக்கும் நன்மை செய்ததாகத் தெரியவில்லை. ஒரே மாதிரி இருப்பதன் மதிப்பை அக்குஷ்னெட் என்ற அமெரிக்க ரப்பர் கம்பெனியின் பிலிப் யங் 1930களின் தொடக்கத்திலேயே உணர்ந்தார்: நேராகத் தட்டிய பந்து விலகி ஓடியதால் சந்தேகப்பட்டு, பந்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார், கோர் நடுவில் இல்லை. 1935இல் டைட்லிஸ்ட் பந்து பிறந்தது அந்தச் சந்தேகத்தில்தான். லாரி, பஸ் ரேடியல் டயரை எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் வெளியே விடாத ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தொலைக்கிறவனுக்கு எதற்கு ஒரே பந்து, கிடைத்ததை ஆடினால் போதாதா என்று கேட்பார்கள். தொலைப்பது விலை குறைந்த மாடலைத் தேர்ந்தெடுக்கக் காரணம். மாடல்களைக் கலப்பதற்குக் காரணமாகாது. அமெரிக்க விலையில் உச்சிப் பந்து டஜன் 50 டாலருக்கு மேல், நல்ல இரண்டடுக்குப் பந்து அதில் பாதி. மலிவுப் பந்தையே பன்னிரண்டாக வாங்கி அதையே ஆடலாம். குளத்திலிருந்து எடுத்த பந்து வேறு விஷயம். கவர் வழியாக ஈரம் மெல்ல உள்ளே ஏறும். எத்தனை மாதம் கிடந்தது என்பதை வெளித்தோற்றம் சொல்லாது. பார்க்கிங்கில் வெயில் காயும் கார் டிக்கியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பந்தையும் நான் நம்பமாட்டேன். சூட்டில் ரப்பர் மூப்படைவதை நாள்தோறும் அளக்கிற ஊர் இது. சூடான பந்து தூரம் போகும் என்று வேண்டுமென்றே சூடாக்கி ஆடுவதோ விதிப்படியே குற்றம்.

கடைசியாக, இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்ற கேள்வி. நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. விவகாரம் நீதிமன்றம் போனது. அதே மாதம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. நகரத்தின் நடுவே புல்வெளி யாருக்கு, இந்தத் தடத்து ஏரித் தண்ணீர் யாருக்கு, உழைப்பின் பலன் யாருக்கு என்ற கேள்விகளுக்குப் பந்துக் கட்டுரை பதிலாகாது. ஆடுவதா வேண்டாமா என்பது வேறு வழக்கு. ஆடுவது என்று முடிவெடுத்தவர் கண்டதை வாங்கிக் குளத்தில் கொட்டுவதில் மட்டும் எந்தச் சமத்துவமும் இல்லை. மக்காத பிளாஸ்டிக் அது.

என் முடிவு இது. மூன்று மாடலில் ஒவ்வொரு பந்து வாங்கிக்கொண்டு சிப்பிங் கிரீனுக்குப் போங்கள். ரேஞ்சுக்கு வேண்டாம், அங்கே கொடுக்கும் கடினப் பந்து எதையும் சொல்லாது. பத்தடியிலிருந்து பட், இருபது கஜத்திலிருந்து சிப், பிறகு அறுபது கஜம் என்று பின்னோக்கி நடங்கள். எது எங்கே நிற்கும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்ல முடிகிற பந்து எதுவோ அது உங்கள் பந்து. மாதம் ஒரு முறை ஆடி நூறைத் தாண்டுகிறவருக்கு அது அநேகமாகப் பாதி விலைப் பந்தாகத்தான் இருக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைக் கேடிக்குக் கொடுங்கள். தொலைந்த பந்தைத் தேடி வெயிலில் புதருக்குள் போகிறவர் அவர்தான்.